நாற்பத்தொரு பெயர்கள்

அந்தக் காணொளியை நிறுத்த வேண்டாம் அம்மா, ஒலியை மட்டும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். நானும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் வருகிறேன். பீரங்கி வண்டி போகிறது, அடுக்குமாடிக் கட்டடம் எரிகிறது, விரலால் தள்ளினால் அடுத்த நொடியில் ஒருவர் குழம்பு தாளிக்கிறார். வண்டி கிளம்பும்போது யாரிடமோ பேசினீர்களே, "பெரிய நாடு சின்ன நாட்டுக்குள்ள போயிருக்கு, பக்கத்து வீட்டுத் தகராறு, நமக்கென்ன" என்று. குறை சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் அதையேதான் சொன்னேன். அந்தப் பக்கத்து வீட்டுக்குள் இருந்துகொண்டே சொன்னேன் என்பதுதான் வேறுபாடு.

நாகர்கோவில் வரை போகிறீர்களா? நல்லது. நான் திருநெல்வேலியில் இறங்க வேண்டும். ஒரு மணி நேரம் இருக்கிறது. உங்களுக்குத் தொந்தரவில்லை என்றால் ஒன்றைச் சொல்லிப் பார்க்கிறேன். தேர்வுக்கு முதல் நாள் தோழியிடம் ஒப்பித்துப் பார்ப்போமே, அப்படி. திருநெல்வேலியில் ஒருவர் முன்னால் இதை நான் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் செண்பகவல்லி. கோவில்பட்டியில் பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் முப்பத்தாறு ஆண்டுகள். கடைசிப் பதினொன்று தலைமையாசிரியை. தமிழ்வழியில் படித்தவள், தமிழ்வழியில் பயிற்சி பெற்றவள். ஆனாலும் என் ஆங்கிலக் கையெழுத்து அச்சுப் பிசகாது. இவ்வளவு பணிக்காலத்தில் வராத பிள்ளைக்கு ஒரு நாள்கூட நான் வருகை போட்டதில்லை. தாளாளரின் பேத்தி ஒருத்தி ஒரு பருவம் முழுவதும் வரவில்லை. வருகை போடச் சொல்லி ஆள் மேல் ஆள் வந்தார்கள். போடவில்லை. அந்தப் பிள்ளை அந்த ஆண்டுத் தேர்வே எழுதவில்லை. அதற்காக நான் வருந்தியதும் இல்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் சொல்லப் போவதற்கு இது தேவை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு, ஜூலை மாதம். என் தம்பி வெயிலுமுத்து குவைத்தில் இருந்தான். குளிர்சாதன இயந்திரங்கள் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்தில் மேற்பார்வையாளன். அவன் மனைவி தமயந்திக்கு ஏழாம் மாதம். இரண்டு பக்கமும் பெரியவர்கள் இல்லை. சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நான் போனேன். போய்ப் பதினெட்டாம் நாள், ஒரு வியாழக்கிழமை விடியலில், ஈராக்கின் படை உள்ளே வந்துவிட்டது. நாங்கள் எழுந்து பல் துலக்குவதற்குள் நாடு கைமாறிவிட்டது.

முதல் வாரத்தில் நான் சொன்னது நீங்கள் சொன்னதேதான். பங்காளிச் சண்டை. நாம் விருந்தாளிகள். இந்தியர் என்று சொன்னால் படைவீரர்கள் சிரிப்பார்கள், நமது திரைப்பட நடிகர்களின் பெயர்களைச் சொல்வார்கள். தண்ணீர் கேட்டுக் குடிப்பார்கள். ரொட்டிக்கடையில் ஒரு நாள் கூட்டம் இடித்துத் தள்ளியது. ஒரு படைவீரர் துப்பாக்கியைத் தூக்காமலே அதை இரண்டு வரிசை ஆக்கினார், பெண்களுக்குத் தனி வரிசை. எனக்கு இரண்டு ரொட்டி கூடுதலாகக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து, "ஒழுங்கு தெரிந்தவர்கள்" என்றேன்.

தம்பி கேட்டான், "அந்த ரொட்டிக்கட யாருதுக்கா?"

"குவைத்துக்காரர் ஒருவருடையது."

"அவரு எங்க?"

"தெரியவில்லை" என்றேன். தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்வதில் என்ன தவறு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஊர்க்காரர்கள் தெருப் பெயர்ப் பலகைகளையும் கதவு எண்களையும் கழற்றிவிட்டார்கள். தேடி வரும் படைக்கு யார் வீடு எதுவென்று தெரியக்கூடாதாம். எனக்குப் பிடிக்கவில்லை. தண்ணீர் வண்டிக்காரன் எப்படிக் கண்டுபிடிப்பான்? சுண்ணக்கட்டியால் எங்கள் கட்டட எண்ணை நானே வாசலில் எழுதினேன், குண்டு குண்டாக. அன்று மாலையே தம்பி ஈரத்துணியால் துடைத்துவிட்டான். மறுநாளும் எழுதினேன். மறுநாளும் துடைத்தான். மூன்றாம் நாள் சுண்ணக்கட்டியைக் காணோம்.

மூன்று மாடிக் கட்டடம் அது. தமிழரும் மலையாளிகளுமாக ஒன்பது குடும்பங்கள். சன்னல்களில் செய்தித்தாள் ஒட்டிவிட்டோம். வெளியே போனால் சோதனைச் சாவடி, உள்ளே இருந்தால் புழுக்கம். தமயந்தியின் கால்கள் வீங்கிவிட்டன. மருத்துவமனைக்குப் போகவும் அச்சம். நல்ல வேளையாக எதிர்வீட்டில் ஏலியம்மா என்ற மலையாளச் செவிலி இருந்தாள். வாய்தான் சற்று நீளம்.

மொட்டைமாடியில் இயந்திரங்களுக்கு நடுவே ஒரு தகர அறை. அதில் ஓர் இளைஞர் இருந்தார். பெயர் ஃபஹத், வயது இருபத்திரண்டு, தம்பியுடைய முதலாளியின் மகன். படையெடுப்பை எதிர்த்துத் துண்டறிக்கை ஒட்டியவர்களில் அவரும் ஒருவர். அவர் வீட்டுக்குத் தேடி வந்துவிட்டார்கள். தந்தை வெளிநாட்டில் சிகிச்சையில் இருந்தார். தாயும் சின்னத் தங்கையும் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இவர் எங்கள் மாடிக்கு வந்துவிட்டார். எனக்குத் தெரிவிக்காமலே தம்பி செய்த ஏற்பாடு. இப்படி ஒளித்துவைப்பவர்களை அவரவர் வீட்டு வாசலிலேயே சுட்டுவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு.

நான் காட்டிக்கொடுத்தேனா? இல்லை. இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். இருபத்து மூன்று நாட்கள் அந்த அறைக்கு நானே தயிர்ச்சோறு கொண்டுபோனேன். கதவைத் திறந்தால் எழுந்து நிற்பார். எவ்வளவு வெக்கையாக இருந்தாலும், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நிற்பார். நல்ல வளர்ப்பு. என் வகுப்பில் இருந்திருந்தால் தலைவர் ஆக்கியிருப்பேன்.

கயத்தாறா இது? இருக்கட்டும், நேரம் இருக்கிறது.

ஆகஸ்ட் கடைசியில் இந்தியர்கள் வெளியேறலாம் என்றார்கள். பேருந்தில் ஈராக் வழியாக ஜோர்டான், அங்கிருந்து விமானத்தில் பம்பாய். கட்டடத்துக்கு ஒரு பட்டியல் வேண்டும். பலரிடம் கடவுச்சீட்டு இல்லை. முதலாளிகள் வாங்கிப் பெட்டகத்தில் வைத்திருந்தார்கள், அவர்கள் ஓடிவிட்டார்கள். ஆகவே அந்தப் பட்டியலே கடவுச்சீட்டு. பெயர், வயது, ஊர். யார் எழுதுவது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முழுத்தாளில் கோடு போட்டு, ஓரம் விட்டு, ஆங்கிலத்தில் எழுதினேன். ஆசிரியர் பெயர் கடைசியில் வருவதுதான் முறை. நாற்பத்தொன்றாவதாக என்னை எழுதினேன்.

தம்பி அருகில் வந்து உட்கார்ந்தான். "யக்கா, நாப்பத்தொண்ணு ஆச்சுல்லா? இன்னும் ஒண்ணு எழுதுங்க. காதர் மீரான், காயல்பட்டணம், வயசு இருவத்திரண்டு."

"அப்படி ஒருவர் இந்தக் கட்டடத்தில் இல்லையே."

"மாடில இருக்காம்லா?"

"அவர் பெயர் ஃபஹத்."

"பேரா இப்ப முக்கியம்?"

"பட்டியலில் பெயரைத் தவிர வேறு என்ன இருக்கிறது?" என்றேன்.

ஏலியம்மா தரையில் உட்கார்ந்து பயறு ஆய்ந்துகொண்டிருந்தாள். "டீச்சரே, நான் பிரசவ வார்டிலே இருபது வருஷமா அப்பன் பேரு எழுதறேன். எல்லாம் சத்தியம்னா நெனைச்சீங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

தமயந்தி என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, ஒங்க காலப் புடிச்சிக் கேக்கேன். அந்தப் பையனும் ஒரு தாய் பெத்த பிள்ளதான?"

"தாய் வைத்த பெயரை மாற்றச் சொல்வது நீங்கள்தானே?" என்று கேட்டேன். தலைப்பை விட்டுவிட்டாள். வாதத்தில் என்னை வெல்வது எளிதன்று.

அச்சத்தினால் மறுத்தேன் என்று ஏலியம்மா பின்னாளில் யாரிடமோ சொன்னதாகக் கேள்வி. தவறு. எனக்கு அச்சமில்லை. ஒரு பொய் கலந்த பட்டியலில் நாற்பத்தொரு மெய்களும் பொய்யாகிவிடும். கண்டுபிடித்தால் அந்த வயிற்றுப் பிள்ளை உட்பட அத்தனை பேரின் கதி என்ன? இதைத்தான் சொன்னேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டு, "சரிக்கா, விடுங்க" என்றான். மிக எளிதாகச் சொல்லிவிட்டான். அதைக் கவனித்திருக்க வேண்டும். "மொத்தம் போட்டுக் கோடு இழுத்துராதீங்க, கடைசி நேரத்துல யாரும் வந்தா சேக்கணும்லா" என்று பட்டியலையும் வாங்கி வைத்துக்கொண்டான்.

புறப்பட்ட அன்று காலை ஒவ்வொருவராக எண்ணி ஏற்றினேன். நாற்பத்தொன்று. சரி. நகரத்து எல்லையில் எண்ணெய் போட வண்டி நின்றபோது, பின்படி வழியாக ஒருவர் ஏறுவது தெரிந்தது. நான் முன்வரிசையில் தமயந்தியின் கால்களை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். "அது யார்?" என்றேன். "கிளீனருக்கா" என்றான் தம்பி. பேருந்து என்றால் கிளீனர் இருப்பான்தானே?

நண்பகலில் கடைசிச் சோதனைச் சாவடி. அதைத் தாண்டிவிட்டால் நேர்சாலை என்றார்கள். முன்னும் பின்னும் பேருந்துகள். இறங்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. சன்னலைத் திறந்தால் அனல். கேப்டன் பதவியில் இருந்த ஓர் அதிகாரி ஏறினார், பின்னால் துப்பாக்கியோடு ஒருவன். தம்பி பட்டியலை என்னிடம் கொடுத்தான், நான் அதிகாரியிடம் கொடுத்தேன். மேலிருந்து பார்த்தார். "யார் எழுதியது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான், பள்ளி ஆசிரியை என்றேன். "அழகான கையெழுத்து. என் தந்தையும் ஆசிரியர்தான், தலைமையாசிரியர்" என்றார். தாளை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, போகலாம் என்று ஓட்டுநருக்குக் கையை அசைத்தார்.

நான் எழுந்தேன். "ஐயா, சற்றுப் பொறுங்கள். பெயர்களை வாசித்துவிடுகிறேன்" என்றேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? சரிபார்க்காத பட்டியல் பட்டியல் ஆகுமா? சுற்றுலா அழைத்துப் போகும் எந்த ஆசிரியையும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெயர் வாசிப்பாள். அத்துடன், அவர் ஒரு தலைமையாசிரியரின் மகன். அவர் முன்னால் முறையாகச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. அவருக்கும் வேடிக்கையாகப் போயிற்று. தொப்பியைக் கழற்றிவிட்டு எஞ்சின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

வாசித்தேன். முதல் பெயருக்கு ஒரு பெரியவர், பழைய பழக்கத்தில், "உள்ளேன் அம்மா" என்றார். அப்புறம் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஏலியம்மா மட்டும், "ஹாஜர் டீச்சரே, பீஸ் கட்டியாச்சு!" என்றாள். வண்டி முழுவதும் சிரித்தது. ஒரு மாதத்துக்குப் பின் அன்றுதான் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம். மொழி தெரியாத அந்த அதிகாரியும் சிரித்தார். நாற்பதுக்குத் தம்பி. நாற்பத்தொன்றுக்கு, "நான்தான்" என்றேன்.

அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. வேறு மை, வேறு கை. வலப்பக்கம் சாயும் எழுத்து, தம்பியுடையது. நாற்பத்திரண்டு, காதர் மீரான்.

திரும்பிப் பார்த்தேன். தம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வரிசையில் அவனுடைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தாடியை மழித்து, ஃபஹத். என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளை இரு கைகளாலும் விரித்துப் பிடித்தேன். அனல் காற்று.

நான் வாசிக்கவில்லை அம்மா. பொய்யென்று சொல்லவில்லை. யாரையும் சுட்டிக்காட்டவில்லை. வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

பின்னாலிருந்து ஒரு குரல், "உள்ளேன் அம்மா" என்றது. நாற்பது பேர் சொல்லக் கேட்டு மனத்தில் வாங்கியிருக்கிறார். உச்சரிப்பு ஏறக்குறையச் சரி. ஆனால் அழைக்காத பெயருக்கு வந்த பதில் அது.

அதிகாரி பின்னால் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். "டீச்சர், அவன் உங்களுடையவனா?"

நான் சொன்னேன், "ஐயா, நான் எழுதியது நாற்பத்தொரு பெயர்கள்."

அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை.

தம்பி எழுந்தான். ஃபஹத் அதற்குள் நடுவழிக்கு வந்துவிட்டார். தம்பியின் தோளில் கையை வைத்து அழுத்தி உட்கார வைத்துவிட்டு, அரபியில் ஏதோ சொல்லிக்கொண்டே முன்னால் வந்தார். ஏலியம்மாவுக்கு அரபி தெரியும், அவள்தான் பிறகு சொன்னாள். "இவர்களில் யாரையும் எனக்குத் தெரியாது. எண்ணெய் போடும் இடத்தில் நானாகப் புகுந்துகொண்டேன்" என்று சொன்னாராம். என்னைக் கடந்துபோகும்போது ஒரு கணம் நின்றார். சட்டைப் பொத்தான் போட்டிருந்தது. இறங்கிவிட்டார்.

அதிகாரி என் பேனாவை வாங்கி அந்தக் கடைசி வரியை அடித்தார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நெற்றியில் கையை வைத்து எனக்கு வணக்கம் செலுத்தினார். வண்டியை விட்டுவிட்டார். ஒருவரையும் தொடவில்லை. நாற்பத்தொரு பேரும் ஊர் வந்து சேர்ந்தோம். ஐப்பசியில் தமயந்திக்குச் சுகப்பிரசவம், ஆண் குழந்தை. அந்தக் குழந்தைக்கு இன்று இரண்டு பிள்ளைகள் இருப்பதாகக் கேள்வி. நான் பார்த்ததில்லை.

ஊரில் என்ன கேட்டார்கள் தெரியுமா? டி.வி.யைக் கொண்டுவர முடிந்ததா என்று கேட்டார்கள். நகையைப் பிடுங்கிக்கொண்டார்களா என்று கேட்டார்கள். எங்கள் தெருச் சலூனில் அந்தப் படையை அனுப்பிய அதிபரின் படம் தொங்கியது. அமெரிக்காவையே எதிர்த்து நிற்கிறாராம், ஆண்பிள்ளையாம். ஒரு சங்கத்தார் எனக்குப் பொன்னாடை போர்த்திப் பேசச் சொன்னார்கள். ஒழுங்கும் உண்மையும் எப்படி நாற்பத்தொரு உயிர்களைக் காத்தன என்று முக்கால் மணி நேரம் பேசினேன். நல்ல கைதட்டல். தம்பி வரவில்லை.

அவன் என்னிடம் பேசுவதை அந்த வண்டியிலேயே நிறுத்திவிட்டான். பாலைவனத்துக் கூடாரத்தில் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான், போர்வை விரித்தான், பேசவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். திட்டவே இல்லையே! முப்பத்து நான்கு ஆண்டுகள். கல்யாண வீடுகளில் எதிர்ப்பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவான், இலையை மடித்துவிட்டுப் போய்விடுவான்.

போன திங்கட்கிழமை தொலைபேசி அடித்தது. எடுத்தேன். "யக்கா" என்றான். எனக்கு முதலில் யாரென்றே தெரியவில்லை.

"அந்தப் பையனோட தங்கச்சி வந்திருக்கு. அப்ப ஒம்பது வயசுப் பிள்ள. அவனோட எலும்புகூடக் கெடைக்கலையாம். கடைசியா எங்க எறங்குனான், யாரு பாத்தா, என்ன நடந்துச்சுன்னு கேக்குது. எனக்கு வாய் வரமாட்டேங்கு. நீங்க வந்து சொல்லுங்க." வைத்துவிட்டான்.

அதற்குத்தான் போகிறேன். வெறுங்கையோடு போகவில்லை. இதோ, நான்கு பக்கம். மூன்று முறை திருத்திச் செம்மைப்படி எடுத்திருக்கிறேன். தேதி, இடம், நேரம் எல்லாம் உண்டு. கடைசி வாக்கியத்தைக் கேளுங்கள்: "சோதனைச் சாவடியில் ஃபஹத் தாமாகவே முன்வந்து வண்டியிலிருந்து இறங்கினார்." எதிலாவது பிழை தெரிகிறதா? வெளியாளாக இருந்து சொல்லுங்கள். பெயர் வாசித்த பகுதியை விட்டுவிட்டேன். அது நடைமுறைச் செய்தி, துக்கத்தில் இருப்பவர்களுக்கு எதற்கு?

என்ன கேட்டீர்கள்?

"போகச் சொன்ன பிறகு ஏன் வாசித்தீர்கள்?"

அதைத்தான் சொன்னேனே. சரிபார்க்காத பட்டியல்... சுற்றுலாவில்...

யாரும் இதைக் கேட்டதில்லை. தம்பி கேட்டதில்லை. ஏலியம்மாகூடக் கேட்டதில்லை. சங்கத்தில் கைதட்டியவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. நாற்பத்திரண்டை ஏன் வாசிக்கவில்லை என்பதற்குத்தான் நான் இத்தனை ஆண்டுகளாக விடை வைத்திருக்கிறேன். அதற்கு மேல் எத்தனை துணைக் கேள்வி கேட்டாலும் விடை உண்டு. நீங்கள் கேட்பது வேறு கேள்வி. அந்தப் பெண் இதைக் கேட்பாளா? ஒன்பது வயதிலிருந்து ஒன்றையே நினைத்துக்கொண்டிருப்பவள் கேட்காமல் இருப்பாளா? கையெழுத்தைப் பாராட்டினார் என்பதற்காகவா எழுந்து நின்றீர்கள் என்று கேட்டால்? நீங்கள் அப்படிக் கேட்கவில்லை, தெரியும். நான்தான் சொன்னேன்.

தாழையூத்து போய்விட்டதா? எப்போது போயிற்று?

இது புதிய பேருந்து நிலையம்தான். அதோ, தூணோரம் கைத்தடியோடு நிற்கிறானே, தலை முழுவதும் வெளுத்துப்போய், அவன்தான் வெயிலுமுத்து. எழுபதை நெருங்கிவிட்டான் அல்லவா? பக்கத்தில் கறுப்பு அங்கியில் ஒரு பெண். நல்ல உயரம். நெஞ்சோடு எதையோ சேர்த்துப் பிடித்திருக்கிறாள் பாருங்கள், சட்டம் போட்ட படம். படத்தில் இருப்பது யாரென்று இங்கிருந்து தெரியவில்லை. எனக்குத் தெரிய வேண்டியதும் இல்லை.

இல்லை அம்மா, பையை எடுக்க வேண்டாம். மேலேயே இருக்கட்டும்.

நடத்துநரே, இந்த வண்டி நாகர்கோவில் வரை போகிறதல்லவா? எனக்கு இன்னொரு சீட்டுக் கொடுங்கள். ஆமாம், நாகர்கோவில்தான். மனம் மாறிவிட்டது.

வருகிறான். ஒவ்வொரு சன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறான். கேட்கிறதா உங்களுக்கு? "செம்பகக்கா... யக்கா..." குவைத்தில் எங்கள் கட்டட வாசலில் நின்று அழைப்பானே, அதே குரல்தான், சற்றுத் தேய்ந்திருக்கிறது. அந்தச் சன்னல் தட்டியை இறக்கிவிடுங்கள். உங்கள் முந்தானையை இப்படிச் சற்று... போதும்.

உங்களிடம் வந்து கேட்டாலும் கேட்பான். நீங்கள் பொய் சொல்ல வேண்டாம் அம்மா. பொய் சொல்லும்படி நான் யாரையும் கேட்டுக்கொண்டதே இல்லை. பேசாமல் உட்கார்ந்திருங்கள், அது போதும். வண்டி எடுத்துவிடுவார்கள்.